பழைய பாட்டில், புதிய மூடி

வீட்டில் செய்த ஊறுகாய், தொக்கு, பொடி வகைகளைப் பழைய கண்ணாடி பாட்டில்களில் போட்டு வைப்பதைப் பற்றிப் பேச ஒரு மேடை வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஜாம் தீர்ந்ததும், தேன் தீர்ந்ததும், காபித்தூள் தீர்ந்ததும் பாட்டிலைத் தூக்கி எறிய மனம் வராமல் கழுவி அடுக்கி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் தலைமுறைகளாக உண்டு. ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலில் வந்துகொண்டிருந்த காலத்தில் துவரம்பருப்பும் கடுகும் கருவடாமும் அந்த பாட்டில்களில்தான் குடியிருந்தன. நல்ல பழக்கம், அது தொடர வேண்டும். ஆனால் அந்தப் பழக்கத்தோடு ஒரு நம்பிக்கையும் சேர்ந்தே வளர்ந்துவிட்டது. பாட்டிலை நன்றாகக் கழுவி, வெந்நீரில் கொதிக்கவிட்டு, வெயிலில் காய வைத்துவிட்டால் உள்ளே வைப்பது கெடவே கெடாது என்ற நம்பிக்கை அது. அதைத்தான் இன்று கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறேன். கண்ணாடியை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். மூடியை அப்படிப் பயன்படுத்த முடியாது. உள்ளே இருக்கும் உணவைக் காப்பதோ இந்த இரண்டுமே அல்ல. அந்த உணவில் இருக்கும் உப்பும் புளிப்பும் ஈரமின்மையும்தான். கண்ணாடி, மூடி, உணவு மூன்றையும் தனித்தனியே பார்க்கக் கற்றுக்கொண்டால் பழைய பாட்டிலைப் போல நம்பகமான பாத்திரம் வேறில்லை. மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் அதே பாட்டில் ஆபத்தாகவும் முடியும்.

முதலில் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். ஜாம் பாட்டிலும் ஊறுகாய் பாட்டிலும் மணல், சோடா, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றைச் சுமார் 1500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கிச் செய்தவை. அப்படி உருகி இறுகிய பொருளில் நுண்துளைகள் கிடையாது. மஞ்சளோ மிளகாய்க் காரமோ பெருங்காய மணமோ அதற்குள் ஊறிப் போக இடமில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் சாம்பார் பொடியைக் கொஞ்ச நாள் வைத்திருந்து பாருங்கள். மஞ்சள் கறை உள்ளேயே ஏறிவிடும், எவ்வளவு தேய்த்தாலும் வாசனை போகாது, தேய்க்கத் தேய்க்கக் கீறல்தான் மிஞ்சும், அந்தக் கீறல்களில் எண்ணெயும் அழுக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடியில் எந்த அழுக்கும் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கிறது. ஆகவே அதை முழுதாக எடுத்துவிட முடியும். எலுமிச்சையின் புளிப்பும் மாவடுவின் உப்பும் அலுமினியத்தை அரிக்கும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கண்ணாடியை ஒன்றும் செய்வதில்லை. நம் வீடுகளில் ஊறுகாய்க்கென்றே பீங்கான் ஜாடி வைத்திருந்ததன் காரணமும் இதுதான். அந்த ஜாடியின் மேல் இருக்கும் பளபளப்பான பூச்சும் ஒருவகைக் கண்ணாடியே.

கண்ணாடி என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. அதை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. ஒரு கண்ணாடி பாட்டில் அதே அளவுள்ள பிளாஸ்டிக் பாட்டிலைப் போலப் பல மடங்கு கனம். அதைச் செய்ய உலை இரவும் பகலும் எரிய வேண்டும், அந்தக் கனத்தை லாரி சுமக்க வேண்டும். ஒரே ஒரு முறை பயன்படுத்திவிட்டு எறியப்படும் கண்ணாடி, எரிபொருள் கணக்கில் பிளாஸ்டிக்கைவிட மோசமாகவே நிற்கும். காயலான் கடையில் போட்டால் மறுசுழற்சி ஆகிவிடுமே என்றால், அதுவும் முழுப் பதில் ஆகாது. உலையில் போடும் கலவையில் உடைகண்ணாடியின் பங்கை 10 சதவீதம் கூட்டினால் எரிபொருள் 2.5 முதல் 3 சதவீதம் வரை மிச்சமாகும் என்பது கண்ணாடித் தொழிலில் வழங்கும் கணக்கு. முழுக்கப் பழைய கண்ணாடியையே உருக்கினால்கூட மிச்சமாவது ஏறத்தாழக் கால் பங்குதான். அதே பாட்டிலை உருக்காமல் கழுவி மறுபடி பயன்படுத்தினால் உலையே தேவையில்லை. ஆக, கண்ணாடியின் நன்மை அது கண்ணாடியாக இருப்பதில் இல்லை, திரும்பத் திரும்பப் பயன்படுவதில் இருக்கிறது. அலமாரியில் அழகுக்காகப் புதுக் கண்ணாடி ஜாடிகளை வாங்கி அடுக்கிவிட்டு ஜாம் பாட்டிலைக் குப்பையில் போடுவது சிக்கனமும் ஆகாது, சூழல் அக்கறையும் ஆகாது.

மறுபயன்பாடு என்பது ஏழைமையின் அடையாளம், தரம் குறைந்த வழி என்று நினைப்பவர்களுக்குத் தொழிற்சாலைகளே சாட்சி. கூல் டிரிங்க்ஸ் கம்பெனிகள் காலி பாட்டிலைத் திரும்ப வாங்கி, சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சோதித்து, மறுபடி நிரப்பிக் கடைக்கு அனுப்பிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கோலி சோடா பாட்டிலும் அப்படித்தான் சுற்றி வந்தது. 1872-இல் இங்கிலாந்தில் ஹிராம் காட் என்பவர் காப்புரிமை பெற்ற அந்த வடிவம் நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் நூறாண்டு தாண்டியும் நின்றது. 2022-இல் நீலகிரி மாவட்டத்தில், சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதன் பேரில், டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைத் திரும்பக் கொடுக்கும் திட்டம் வந்தது. காட்டில் கிடக்கும் உடைந்த பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்பதே அதற்குக் காரணம். இந்த எடுத்துக்காட்டுகளில் என் வாதத்துக்கு மிக முக்கியமானது கூல் டிரிங்க்ஸ் பாட்டில்தான். பாட்டில் திரும்பி வந்தது, மூடி திரும்பி வரவில்லை. 1892-இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற அந்தத் தகர மூடியை ஓப்பனரால் நெம்பித் திறந்ததும் அதன் ஆயுள் முடிந்தது. ஒரே பாட்டிலைப் பல முறை நிரப்பிய கம்பெனி ஒவ்வொரு முறையும் புது மூடிதான் போட்டது.

மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். ஜாம் பாட்டிலின் தகர மூடியில் விளிம்பை ஒட்டி உட்புறமாக வெள்ளையாகவோ மங்கிய நிறத்திலோ மெத்தென்று ஒரு வளையம் இருக்கும். அது பி.வி.சி.யால் ஆனது. தொழிற்சாலையில் சூடாக நிரப்பி மூடும்போது அந்த வளையம் இளகி, பாட்டிலின் வாய் விளிம்பைத் தன்மேல் பதித்துக்கொண்டு இறுகுகிறது. திறந்த மூடியில் விரலை ஓட்டிப் பாருங்கள், அந்தப் பள்ளம் தட்டுப்படும். ஒரு பாட்டிலின் வாய்க்கு ஏற்றபடி ஒருமுறை பதிந்த பள்ளம் அது. இரண்டாம் முறை அதே இடத்தில் அதே இறுக்கத்தில் உட்காரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூடியின் உட்பக்கத்தில் மெல்லிய பூச்சு ஒன்றும் உண்டு. கரண்டியோ கத்தியோ பட்டு அது கீறினால் உப்பும் புளிப்பும் தகரத்தைத் தொடும். சில வாரங்களில் அந்தக் கீறலைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் துரு கிளம்பும். காபித்தூள் பாட்டிலின் மூடியில் அட்டை வட்டம் இருந்தால் அது இன்னும் மோசம். ஈரத்தையும் எண்ணெயையும் வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும், கழுவினால் ஊறிக் கிழியும், காய்ந்தது போலத் தோன்றும்போதும் உள்ளே ஈரம் இருக்கும். பூசணம் முதலில் பிடிப்பது அங்கேதான்.

எண்ணெய் ஊறுகாய்க்கு இதில் தனிக் கவனம் வேண்டும். மூடியின் வளையம் மெத்தென்று இருப்பதற்காக பி.வி.சி.யோடு சில எண்ணெய்ப் பொருள்களைக் கலப்பார்கள். அவற்றில் ஒன்று வேதிமுறையில் மாற்றிய சோயா எண்ணெய். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சுவிட்சர்லாந்திலும் பிற ஐரோப்பிய நாடுகளிலும் கடைகளிலிருந்து எடுத்த பாட்டில்களைச் சோதித்தபோது, எண்ணெயில் ஊறிய உணவுகள் பலவற்றில் இந்தப் பொருள் மூடியிலிருந்து இறங்கியிருந்தது. ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராம் என்று ஐரோப்பிய ஒன்றியம் வைத்த வரம்பைப் பல பாட்டில்கள் தாண்டியிருந்தன. நம் ஆவக்காயிலும் பூண்டு ஊறுகாயிலும் நல்லெண்ணெய் மேலே ஒரு விரற்கடை நிற்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஊற்றுகிறோம். அந்த எண்ணெய் எந்நேரமும் மூடியைத் தொட்டபடி இருக்கும் அளவுக்கு பாட்டிலை நிரப்புவது நல்லதல்ல. மூடிக்கும் எண்ணெய்க்கும் நடுவே கொஞ்சம் இடம் விடுங்கள், பாட்டிலைச் சாய்த்து வைக்காதீர்கள், பழைய தகர மூடியை எண்ணெய் ஊறுகாய்க்கு மறுபடி பயன்படுத்தாதீர்கள். பதற வேண்டிய விஷயமல்ல. தவிர்ப்பது எளிது என்பதால் தவிர்க்க வேண்டிய விஷயம்.

இனி கழுவுவது. இங்கே நான் சற்று விரிவாகவே பேசுவேன், ஏனென்றால் அரைகுறையாகக் கழுவிய பாட்டில், கழுவாத பாட்டிலைவிட ஏமாற்றுத்தனமானது. அழுக்கு எங்கே தங்கும் என்று தெரிந்து கழுவ வேண்டும். பாட்டிலின் வயிற்றுப் பகுதி தானாகவே சுத்தமாகிவிடும். தங்குவது கழுத்தின் மரையிலும், கழுத்து தோளோடு சேரும் வளைவிலும், அடியில் விளிம்பை ஒட்டிய குழிவிலும்தான். இந்த மூன்று இடங்களுக்கும் பஞ்சு நார் போகாது. இதற்கென்றே ஒரு புதிய பல் துலக்கும் பிரஷை ஒதுக்கி வைப்பது நல்லது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் காகிதத்தால் துடைத்து எடுத்துவிட்டு, சூடான தண்ணீரில் சலவை சோடாவோ பாத்திரம் தேய்க்கும் திரவமோ போட்டு ஊற வைக்க வேண்டும். சாம்பலும் மணலும் கரகரப்பான பொடியும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்தான் பின்னாளில் சூடு பட்டதும் விரிசலாகிறது. உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் பாட்டிலுக்குள் வெள்ளையாகப் படியும் படலம் அழுக்கு அல்ல, சுண்ணாம்பு. அதற்குச் சோப்பு பயன்படாது. வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றிச் சற்று வைத்தால் கரையும். ஆப்ப சோடாவையும் வினிகரையும் ஒன்றாக ஊற்றினால் நுரை பொங்குவதைப் பார்த்துப் பலர் மகிழ்ந்துபோகிறார்கள். காரமும் அமிலமும் ஒன்றையொன்று தின்று தீர்த்துக்கொள்ளும் நுரை அது. பொங்கி அடங்கிய பிறகு மிஞ்சும் தண்ணீருக்குக் கழுவும் சக்தி ஏறத்தாழ இல்லை. இரண்டையும் வேறு வேறு நேரத்தில் பயன்படுத்துங்கள். பிளீச்சிங் திரவத்தோடு மட்டும் எந்தப் புளிப்பையும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

லேபிளைச் சுரண்டி எடுக்கும் அவசரத்தில்தான் பல பாட்டில்கள் கீறப்படுகின்றன. மாவுப்பசையில் ஒட்டிய பழைய வகை லேபிள் வெந்நீரில் ஊறினாலே கழன்று வந்துவிடும். இப்போது வரும் ஒட்டும் லேபிளின் பசை தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கு இளகும். காகிதத்தை உரித்துவிட்டு, மிஞ்சிய பிசின்மேல் தேங்காய் எண்ணெயைத் தடவி அரை மணி நேரம் விட்டால் துணியால் வழித்தெடுக்கலாம். பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். பாட்டில் தகுதியானதா என்று சோதிக்க, வாய் விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சை இழுத்துப் பாருங்கள். விரல் உணராத சில்லுடைப்பிலும் பஞ்சு இழை மாட்டிக்கொண்டு நிற்கும். நின்றால் அந்த பாட்டில் உணவுக்கு ஆகாது. மூடி சரியாகப் பொருந்தாது, கண்ணாடித் துணுக்கு உணவில் விழும் ஆபத்தும் உண்டு.

கொதிக்க வைப்பதைப் பற்றி ஒரு சொல். அமெரிக்க வேளாண் துறையின் வீட்டுப் பதப்படுத்தல் வழிகாட்டி, காலி பாட்டிலை நீரில் முழுக வைத்து 10 நிமிடம் கொதிக்க விட வேண்டும் என்கிறது. உயரமான ஊர்களில் முதல் 1000 அடிக்கு மேல் ஒவ்வோர் 1000 அடிக்கும் ஒரு நிமிடம் கூட்டச் சொல்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாமல் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சென்னையில் போதுமான 10 நிமிடம் ஊட்டியில் போதாது. 17 நிமிடமாவது வேண்டும். பாட்டிலைக் கொதிநீரில் போடக் கூடாது. குளிர்ந்த நீரில் வைத்து நீரோடு சேர்த்துச் சூடேற்ற வேண்டும். சாதாரணக் கண்ணாடி வெப்பத்தில் விரியும் அளவு, ஆய்வகக் குடுவைகள் செய்யும் போரோசிலிகேட் கண்ணாடியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் நிற்கும்போதுதான் வெடிக்கிறது. பாத்திரத்தின் அடியில் ஒரு துணியை மடித்துப் போடுவதும், சூடான தொக்கைச் சூடான பாட்டிலிலேயே ஊற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

காய வைப்பதில் நாம் வெயிலை அளவுக்கு மீறி நம்புகிறோம். வெயில் ஈரத்தை உலர்த்துகிறது, அது பெரிய உதவி. பாட்டிலுக்குள் இருக்கும் கிருமியை அது கொன்றுவிடுவதாக எண்ண வேண்டாம். கிருமியை வேகமாக அழிக்கும் குறும் அலை புற ஊதாக் கதிர்களைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் உள்ளே விடாது. பாட்டிலைச் சமதரையில் கவிழ்த்து வைத்தால் நீராவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வியர்க்கும். கம்பித் தட்டில் கவிழ்த்து நீரை வடியவிட்டு, பிறகு நிமிர்த்தி வைத்து, உள்ளே ஒரு துளி மூட்டம்கூட இல்லாமல் உலரவிட வேண்டும். சமையலறைக் கைத்துணியால் உள்ளே துடைத்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். இட்லிப் பொடிக்கும் பருப்புப் பொடிக்கும் மிளகாய்த்தூளுக்கும் இந்த உலர்தல்தான் எல்லாம். அவற்றைக் காப்பது ஈரமின்மை ஒன்றே. ஒரு ஸ்பூன் தண்ணீர் அடியில் தங்கினாலும் பூசணத்துக்கு அது போதும்.

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். பாட்டிலைக் கொதிக்க வைத்தால் பாட்டில் சுத்தமாகிறது. பாட்டிலில் போடும் உணவு சுத்தமாவதில்லை. பிரான்ஸில் மிட்டாய் செய்து விற்ற நிகோலா அப்பேர், உணவைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, தக்கையால் இறுக மூடி, பாட்டிலோடு கொதிநீரில் வேகவைத்துப் பல மாதங்கள் கெடாமல் வைத்துக் காட்டினார். அதற்காக 1810-இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது. உணவு ஏன் கெடவில்லை என்பது அவருக்கும் தெரியாது, பரிசளித்தவர்களுக்கும் தெரியாது. கெடுவதற்குக் காரணம் நுண்ணுயிர்கள் என்று லூயி பாஸ்டர் நிறுவ இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அதன் பின்னும் ஒரு கிருமி கொதிநீருக்கு அடங்காமல் நின்றது. கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற அந்த பாக்டீரியா மண்ணில் இருக்கிறது. மண்ணில் விளையும் பூண்டு, இஞ்சி, வெங்காயம் எதிலும் ஒட்டி வரலாம். அதன் வித்துகள் 100 டிகிரியில் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்பு குறைந்த, ஈரமான இடம் கிடைத்தால் முளைத்துப் பெருகி, நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கின்றன. அந்த உணவில் நாற்றமோ நிற மாற்றமோ இல்லாமலும் இருக்கலாம். புளிப்பை அளக்கும் பி.எச். அளவுகோலில் 4.6 என்பது எல்லைக்கோடு. அதற்குக் கீழே, அதாவது புளிப்பு அதற்கு மேல் கூடினால், அந்த வித்துகள் முளைப்பதில்லை. எலுமிச்சை, மாங்காய், புளி, நெல்லி எல்லாம் இந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே இருக்கின்றன. பூண்டும் இஞ்சியும் மேலே இருக்கின்றன.

1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நஞ்சு பாய்ந்தது. எண்ணெயில் போட்டு பாட்டிலில் அடைத்த நறுக்கிய பூண்டுதான் காரணம். அதைக் குளிரில் வைக்காமல் வெளியே வைத்திருந்தார்கள். நோய் இன்னதென்று மருத்துவர்களால் முதலில் கண்டுபிடிக்க முடியாமல் போய், பலருக்கு வேறு நோயென்று சொல்லப்பட்டது. இதை வெளிநாட்டுச் செய்தியாக ஒதுக்கிவிட முடியாது. நம் வீட்டில் இஞ்சி பூண்டு விழுதை மொத்தமாக அரைத்து, நன்றாகக் கழுவிய பாட்டிலில் போட்டு, கெடாமல் இருக்க மேலே எண்ணெய் ஊற்றி வைக்கிறோமே, அது இதே அமைப்புதான். மேலே எண்ணெய் காற்றைத் தடுக்கிறது, உள்ளே புளிப்பு இல்லை, ஈரம் நிறைய இருக்கிறது. பாட்டிலை எத்தனை நிமிடம் கொதிக்க வைத்திருந்தாலும் வித்து வந்தது பூண்டோடு. கடையில் விற்கும் விழுதின் லேபிளில் சிட்ரிக் அமிலம், அசிட்டிக் அமிலம் என்று அச்சிட்டிருப்பது இந்தக் கோட்டைத் தாண்டாமல் வைக்கத்தான். வீட்டில் அரைத்த பூண்டை எண்ணெயில் வைத்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 4 நாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அறிவுரை. அதற்கு மேல் வேண்டுமானால் சிறு சிறு பகுதியாக ஃப்ரீசரில் உறைய வைப்பதே வழி.

பாட்டி காலத்தில் இதெல்லாம் யார் பார்த்தார்கள், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாட்டி காலத்தில் பி.எச். என்ற பெயர் தெரியாது, ஆனால் பூண்டு ஊறுகாயில் புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ தவறாமல் இருந்தது. மாவடுவுக்குப் போடும் கல்லுப்பின் அளவை இன்று பார்த்தால் பலர் மிரண்டுபோவார்கள். தண்ணீர் படாத கை, உலர்ந்த மரக்கரண்டி, அன்றாடம் எடுக்கச் சிறு கிண்ணம், பெரிய ஜாடியைத் தொடாத ஒழுங்கு என்று ஒரு முழு முறையே இருந்தது. ஜாடியின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டிவைத்ததிலும் அறிவு இருந்தது. உப்பில் ஊறும் காய் நொதிக்கும்போது வாயு வரும். துணி அதை வெளியேவிடும். திருகு மூடியை இறுக்கி வைத்த கண்ணாடி பாட்டில் அப்படி வெளியேவிடாது, வெடித்தும் போகலாம். நாம் பாட்டியிடமிருந்து ஜாடியை மட்டும் எடுத்துக்கொண்டு முறையை விட்டுவிட்டோம். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்கிறது. அந்த அறிவுரையைக் கேட்டு ஊறுகாயில் உப்பையும் எண்ணெயையும் பாதியாகக் குறைக்கிறோம். குறைப்பது சரி. குறைத்த பிறகு அது பழைய ஊறுகாய் அல்ல என்பதை ஒப்புக்கொண்டு, கொஞ்சமாகச் செய்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சீக்கிரம் முடித்துவிட வேண்டும். உப்பையும் குறைத்துவிட்டு, வெளியே வைத்துவிட்டு, பாட்டிலைத்தான் நன்றாகக் கொதிக்க வைத்தோமே என்பது பதில் ஆகாது.

இன்னொரு வாதம், கண்ணாடி உடையும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆபத்து என்பது. உண்மைதான். ஓடி விளையாடும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் பிஸ்கட்டைக் கண்ணாடியில் வைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணெய், புளிப்பு, காரம், மணம் உள்ளவை கண்ணாடிக்குப் போகட்டும். உலர்ந்த, மணமற்ற தானியங்களுக்கு எவர்சில்வர் டப்பா போதும். ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. பினாயில், ஆசிட், பூச்சிமருந்து, பெயின்ட் இவற்றில் எது இருந்த பாட்டிலானாலும், கண்ணாடியே ஆனாலும், உணவுக்குத் திரும்பி வரவே கூடாது. உணவு பாட்டிலில் அவற்றை ஊற்றி வைப்பதும் கூடாது. கண்ணாடி நஞ்சை உறிஞ்சாது என்பது சரிதான், ஆனால் மூடி உறிஞ்சும். அதைவிட, ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பாட்டில்களில் எதில் எது என்று அவசரத்தில் கை தடுமாறும்.

பாட்டிலுக்குப் புது மூடி எங்கே கிடைக்கும் என்பதுதான் கடைசிக் கேள்வி. நம் நாட்டில் இன்னும் சரியான விடை கிடைக்காத கேள்வியும் அதுதான். அமெரிக்காவில் ஜான் மேசன் 1858-இல் திருகு மூடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கினார். 1915-இல் அலெக்சாண்டர் கெர் மூடியை இரண்டு துண்டாக்கினார். திருகும் வளையம் திரும்பத் திரும்பப் பயன்பட, வாயை அடைக்கும் தட்டு மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்றப்பட்டது. ஜாடிகளின் வாய் 70 மில்லிமீட்டர், 86 மில்லிமீட்டர் என்று இரண்டே அளவில் நின்றுவிட்டதால், அங்கே எந்த மளிகைக் கடையிலும் தட்டு மட்டும் தனியாகக் கிடைக்கிறது. நம் ஜாம், ஊறுகாய் பாட்டில்களின் வாயும் 63, 70, 82 மில்லிமீட்டர் போன்ற சில அளவுகளில்தான் பெரும்பாலும் வருகிறது. நகரங்களின் மொத்த வியாபாரத் தெருக்களில் பாட்டில் விற்பவர்களிடம் மூடியும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு நான்கு வாங்கப் போனால் நூறாகத்தான் தருவார்கள். இதை மாற்ற முடியும். அடுத்த முறை பாத்திரக் கடைக்குப் போகும்போது உங்கள் பாட்டில் ஒன்றைக் கையோடு எடுத்துப் போய், இதற்கு மூடி வேண்டும் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரு பெட்டி மூடியை வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். பாட்டிலின் வாய் அளவை லேபிளிலேயே அச்சிடச் சொல்லி ஊறுகாய், ஜாம் கம்பெனிகளுக்கு எழுதுங்கள். கேட்பவர்கள் பெருகினால் கடைக்காரர் வாங்கி வைப்பார்.